சைனாடவுன் நடை: இன்னும் இரண்டு பேர் வேண்டும்

வணக்கம். ஞாயிறு காலை 8 மணி சிங்கப்பூர் சைனாடவுன் நடைக்கு வழிகாட்ட இன்னும் இரண்டு தொண்டூழியர்கள் தேவை. சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் வாசலில் கூடுவோம். சீனர் பேட்டையில் அம்மன் கோயிலா என்று கட்டாயம் கேட்பார்கள். 1827இல் வணிகர் நாராயண பிள்ளை தொடங்கியது என்று சொல்லிவிடுங்கள்.

தெலுக் ஆயர் தெருவில் மட்டும் அவசரம் வேண்டாம். அந்தக் காலத்தில் கடற்கரை அதுதான். கப்பலில் வந்து இறங்கிய சீனர்கள் கடல்தெய்வம் மாசுவுக்கு நன்றி சொன்ன தியான் ஹொக் கெங் கோயில் அங்கே இருக்கிறது, அதே தெருவில் நாகூர் தர்காவும்.

போன முறை நான் வெறும் ஆண்டுகளையே ஒப்பித்தேன், பாதிப் பேர் கைப்பேசியில் மூழ்கிவிட்டார்கள். இந்த வட்டாரத்தின் சீனப் பெயருக்கு 'மாட்டுவண்டித் தண்ணீர்' என்று பொருள், வண்டியில்தான் தண்ணீர் வந்தது என்றதும்தான் நிமிர்ந்தார்கள்!

வர முடிந்தவர்கள் வெள்ளிக்குள் இங்கேயே 'சரி' போடுங்கள். குடை அவசியம்.