பீய்ச்சி ஊத்துற தாய்ப்பாலை வாங்கிக்க பாகூர் பக்கம் ஒரு ஏற்பாடு வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வருஷா வருஷம் ஆகஸ்ட் 1லேருந்து 7 வரைக்கும் தாய்ப்பால் வாரம்னு பேப்பர்ல ஃபோட்டோ வருது, ஆஸ்பத்திரி வாசல்ல கோலம், நர்சிங் படிக்கிற பொண்ணுங்க பேனர் புடிச்சிகிட்டு ஊர்வலம், அதெல்லாம் நல்லதுதான், வேணாம்னு சொல்லல. ஆனா பால் அதிகமா சுரக்கிற ஒரு அம்மா அந்தப் பாலை எங்க கொடுக்கலாம், யாரைக் கேக்கணும், கொடுத்தா அது எந்தக் குழந்தைக்குப் போகும்னு அதுல ஒரு வரி கூட இருக்க மாட்டேங்குது. அதனாலதான் இந்த லெட்டர். நீளமாத்தான் இருக்கும், முடிஞ்சா வெட்டாம போடுங்க.

புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரில 'அமுதம்'னு தாய்ப்பால் வங்கி 2016லேருந்து இருக்கு. எங்க பாகூர் பக்கம் கேட்டுப் பாருங்க, ரத்த வங்கி தெரியும், கண் வங்கி தெரியும், தாய்ப்பாலுக்குக் கூடவா வங்கின்னு கேப்பாங்க. இது ஒண்ணும் நேத்து வந்த சமாச்சாரம் இல்ல. பம்பாய் சயான் ஆஸ்பத்திரில டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ்ங்கிறவங்க 1989லயே ஆரம்பிச்சிட்டாங்க, ஆசியாவுலயே அதுதான் முதல்ல வந்தது. தமிழ்நாட்டுலயும் எழும்பூர் குழந்தைங்க ஆஸ்பத்திரி, இன்னும் பல பெரிய அரசு ஆஸ்பத்திரிங்கள்ல 2014, 2015 வாக்குல தொடங்கினாங்க. இத்தன வருஷம் ஆகியும் பிள்ளை பெத்து வீட்டுக்குப் போற பொண்ணுங்களுக்கு இப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியலன்னா, அது அந்தப் பொண்ணுங்க தப்பு இல்ல, யாரும் சொல்லல.

எனக்கும் என் பேத்தி பொறந்தப்பதான் தெரிஞ்சுது. எம்பொண்ணுக்கு ஏழாம் மாசத்துலயே பிரஷர் ஏறிப் போய் அவசரமா ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்க, பிள்ளை 1,100 கிராம். பெத்தவ ஒரு பக்கம் டிரிப்ஸ் ஏறிகிட்டு கண்ணு தொறக்காம கிடக்கிறா, பிள்ளை இன்னொரு மாடில கண்ணாடிப் பெட்டிக்குள்ள. நாலஞ்சு நாளைக்கு அவளுக்கு சொட்டு பால் இல்ல. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பவுடர் பால் டப்பாதான், மருமகன மெடிக்கல் ஷாப்புக்கு ஓட விட்டேன். அங்க இருந்த டாக்டரம்மா வேணாம்னுட்டாங்க. கொறமாசத்துல பொறந்த பிள்ளைக்கு கொடல் இன்னும் பழுக்கல, பவுடர் பால் கொடுத்தா கொடல் புண்ணாகி அழுகிப் போற ஒரு வியாதி வர்ற வாய்ப்பு கூடிடும், என்ஈசின்னு சொல்வோம், உசுருக்கே ஆபத்து, முதல்ல பெத்தவ பால், அது இல்லன்னா வேற அம்மாங்க தானமா கொடுத்து சுத்தப்படுத்தி வச்ச பால், அதுவும் இல்லன்னாதான் டப்பான்னு பொறுமையா எடுத்துச் சொன்னாங்க.

அந்தப் பால் எப்படிப் போச்சுன்னு நான் பாத்தேன். பிள்ளை வாய் வழியா வயித்துக்கு நூல் மாதிரி ஒரு டியூப் போட்டிருக்காங்க. நர்ஸ் ஒரு ஊசி சிரிஞ்ச எடுத்து அதுல தள்ளுற கட்டைய உருவிட்டு, வெறும் குழாய மட்டும் டியூப்ல மாட்டி, மேல தூக்கிப் புடிச்சு, 2 மில்லி பால அதுல விட்டாங்க. அழுத்தவே இல்ல. அது பாட்டுக்கு மெதுவா தானா இறங்குச்சு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ அந்த 2 மில்லி. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கூட்டி, டியூப எடுத்துட்டு பாலாடையில குடுக்க ஆரம்பிச்சாங்க, நம்ம வீட்டுல இருக்கும் பாருங்க வெள்ளிப் பாலாடை, அதே மாதிரி ஸ்டீல்ல. யாரோ ஒரு அம்மா கொடுத்த பாலுதான் எங்க பிள்ளை வயித்துல முதல்ல போனது. அவங்க யாருன்னு எங்களுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டியதில்ல, ஆனா தினம் விளக்கேத்தும்போது அந்த மகராசியையும் அவ பிள்ளையையும் சேத்துதான் கும்புடுறேன்.

இதுல எல்லாரும் மனசுல வச்சிக்க வேண்டிய கணக்கு ஒண்ணு இருக்கு. ஒரு கிலோ எடை இருக்கிற பிள்ளை நல்லா குடிக்க ஆரம்பிச்சப்புறம் கூட ஒரு நாள் பூரா அதுக்கு வேண்டியது 150லேருந்து 180 மில்லிதான். நம்ம காப்பி டம்ளர் ஒண்ணு, அவ்வளவுதான். மார்பு கனத்துப் போயி வலி தாங்காம பாத்ரூம்ல பீய்ச்சி ஊத்துறாங்களே, அது எத்தன வீட்டுல ஒரு டம்ளருக்கு மேலயே இருக்கும்!

எம்பொண்ணுக்கே அப்புறம் அந்த நிலைமை வந்துச்சு. பூண்டுக் குழம்பு, பால்சுறா புட்டு, முருங்கைக்கீரைன்னு நான் பண்ணிப் போட்டதோ, இல்ல நர்ஸ் சொன்ன மாதிரி ரெண்டு மூணு மணிக்கொரு தடவ விடாம பீய்ச்சி எடுத்ததோ, பால் வந்துச்சு பாருங்க, பிள்ளை குடிச்சது போக மிச்சம் மிச்சமா. ஆஸ்பத்திரில இருந்த வரைக்கும் மிச்சத்த அங்கயே கொடுத்தா, சந்தோஷமா கொடுத்தா. வீட்டுக்கு வந்தப்புறம்தான் பிரச்சனை. பால் கட்டிகிட்டு காய்ச்சல், தொட முடியல, பீய்ச்சித்தான் ஆகணும். கொடுக்கணும்னு மனசு இருக்கு, ஆனா பாகூர்லேருந்து புதுச்சேரி பஸ் ஸ்டாண்டு, அங்கேருந்து இன்னொரு பஸ் புடிச்சு ஜிப்மர் இருக்கிற கோரிமேடு, பச்ச உடம்போட, கொறமாசப் பிள்ளைய வீட்டுல விட்டுட்டு, இந்த வெயில்ல பால கெடாம எப்படிக் கொண்டு போறது? கடைசில சிங்க்லதான் ஊத்துனோம். அத ஊத்தும்போதெல்லாம் எனக்கு அந்த சிரிஞ்சுக் குழாயில இறங்குன 2 மில்லிதான் ஞாபகம் வரும், வயிறெரியும்.

சுகாதாரத் துறைக்கு நான் கேக்கறது பெரிய பட்ஜெட் இல்ல. பாகூர், கரிக்கலாம்பாக்கம், அரியாங்குப்பம் மாதிரி இடத்துல இருக்கிற அரசு சுகாதார நிலையத்துல தாய்ப்பாலுக்குன்னு தனியா ஒரு ஃப்ரீசர் வைங்க (தடுப்பூசி பொட்டிலயே வச்சிரலாம்னு யாராச்சும் சொல்வாங்க, அது சரி வராது, தனியாத்தான் வேணும்), பக்கத்துல கதவு சாத்திக்கிற மாதிரி ஒரு சின்ன ரூம், ஒரு பம்ப், சுத்தம் பண்ணின டப்பா, மேல பேரு தேதி எழுத ஸ்டிக்கர். தடுப்பூசி ஐஸ் பொட்டில வைச்சு கிராமம் கிராமமா வருதுல்ல, அதே மாதிரி பால் ஐஸ் பொட்டில ஏறி கோரிமேட்டுக்குப் போகட்டும். மத்திய அரசு 2017லயே இந்த மாதிரி தாய்ப்பால் மையங்களுக்கு வழிகாட்டி போட்டிருக்கு, அதனால புதுசா சட்டம் எதுவும் போட வேண்டியதில்ல. கடலூர்க்காரங்களும் இதுல வரணும். எங்களுக்கும் கடலூருக்கும் நடுவுல ஆறுதான் ஓடுது, மஞ்சக்குப்பத்துலயும் முதுநகர்லயும் இருக்கிற பொண்ணுங்க வைத்தியத்துக்கு இங்க வர்றாங்க, இங்க இருக்கிறவங்க அங்க போறாங்க. பால் வாங்குற இடத்துல மட்டும் புதுச்சேரி, தமிழ்நாடுன்னு பிரிச்சிப் பாக்க வேணாம்.

இது கூட செலவு புடிக்கிற விஷயம்னு வச்சிக்குவோம். செலவே இல்லாத ஒண்ணு, டிஸ்சார்ஜ் ஆகும்போது நர்ஸ் ரெண்டு நிமிஷம் பேசுறது. தையலப் பத்தி சொல்றாங்க, மாத்திரைய சொல்றாங்க, தடுப்பூசி அட்டை கொடுக்கிறாங்க, அதோட சேத்து "உங்க பிள்ளை குடிச்சது போக பால் மிச்சம் இருந்தா தானமா கொடுக்கலாம்மா, இந்த நம்பருக்கு ஃபோன் பண்ணுங்க"ன்னு ஒரு வார்த்தை. தனியார் நர்சிங் ஹோம்லயும் சொல்லணும், அங்கயும் நிறைய பிரசவம் நடக்குது.

இப்ப வீட்டுல இருக்கிற பெரியவங்களுக்கு. மாமியாரா, அம்மாவா, ஆயாவா நாமதான் முதல்ல தடுக்கிறோம், அத மறைக்க வேணாம். கொடுத்தா நம்ம பிள்ளைக்குக் குறைஞ்சிடும்னு சொல்றோம். குறையாது, எடுக்க எடுக்கத்தான் சுரக்கும், மார்புல தேங்கி நின்னாதான் வத்தும். தன் பிள்ளை வயிறு ரொம்பி, அது எடை ஏறிகிட்டு இருக்கும்போது மிச்சம் இருக்கிறத மட்டுந்தான் கேக்கறாங்க, பிள்ளைய பட்டினி போட்டுட்டு யாரும் கொடுக்க சொல்லல. திருஷ்டி படும்னு சொல்றவங்களுக்கு, முருகனுக்கே ஆறு கார்த்திகைப் பொண்ணுங்க பால் கொடுத்துதான் வளத்தாங்க, அதுக்கு மேல நான் என்ன சொல்ல? எங்கம்மா காலத்துல பெத்தவ செத்துப் போன பிள்ளைக்குத் தெருவுல இருந்தவங்க மாத்தி மாத்தி கொடுத்தாங்க, யாரும் கணக்குப் பாக்கல.

ஆனா "யார் பாலோ, என்ன ஜாதியோ"ன்னு ஒரு பெரியம்மா என்கிட்ட நேராவே கேட்டாங்க. கை காலெல்லாம் நடுங்கிப் போச்சு எனக்கு கோவத்துல. ஒரு கிலோ பிள்ளை பொட்டிக்குள்ள மூச்சுக்குத் திணறிகிட்டு இருக்கும்போது அதுக்கு ஜாதி கேக்கறீங்களா? அந்த எண்ணத்த பிள்ளை பொறக்கிற இடத்துலயாவது வாசல்லயே கழட்டிப் போட்டுட்டு வாங்க.

முஸ்லிம் குடும்பங்கள் தயங்குறது வேற, அத இதோட சேக்க கூடாது. அவங்க மார்க்கத்துல ஒரே அம்மாகிட்ட பால் குடிச்ச பிள்ளைங்க கூடப் பொறந்த மாதிரி ஆயிடுவாங்க, பால்குடி உறவு, நாளைக்கு அவங்களுக்குள்ள கல்யாணம் பண்ண முடியாது, அதனால யார் கொடுத்ததுன்னு தெரியாம குடுக்கிறதுல அவங்களுக்குக் கவலை இருக்கு. வங்கில கொடுக்கிற பாலப் பத்தி அவங்க ஆலிம்களுக்குள்ளயே ரெண்டு கருத்து உண்டு. அதனால டாக்டருங்க முன்னாடியே விவரத்த எல்லாம் சொல்லி, வீட்டுக்காரங்க சம்மதம் வாங்கிட்டுத்தான் குடுக்கணும், எந்த மதமா இருந்தாலும் அப்படித்தான் செய்யணும்.

இன்னொன்னு, வாட்ஸ்அப்ல "அவசரம், தாய்ப்பால் தேவை"ன்னு மெசேஜ் வருது, உடனே நல்ல மனசோட பீய்ச்சி பாட்டில்ல போட்டு அனுப்பிடாதீங்க. எச்ஐவி மாதிரி கிருமி பால் வழியா போகக் கூடியது, சில மாத்திரை, புகையில, குடி, இதுவும் பால்ல இறங்கும். வங்கில கொடுக்கிறவங்களுக்கு எச்ஐவி, காமாலை, மேகநோய்னு ரத்தம் டெஸ்ட் பண்றாங்க, பால 62.5 டிகிரில அரை மணி நேரம் சூடு பண்ணி உடனே ஆற வைக்கிறாங்க, கிருமி வளருதான்னு லேப்ல பாக்கிறாங்க, அப்புறம் மைனஸ் 20 டிகிரில உறைய வைக்கிறாங்க. இது எதையும் நம்ம அடுப்பங்கரைல பண்ண முடியாது. காசுக்கு விக்கறதும் கூடாது, 2024 மே மாசம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தாய்ப்பால விக்கவே கூடாதுன்னு அறிவிச்சாங்க, அந்த சமயத்துல சென்னை மாதவரத்துல பாட்டில்ல போட்டு வித்த கடைக்கு சீல் வச்சாங்க. வச்சது சரி. விலை வச்சா ஏழை வீட்டுப் பொண்ணு தன் பிள்ளை வயித்த காயப் போட்டுட்டு வித்துடுவா, அந்த நிலைமை வரவே கூடாது.

எழுதலாமா வேணாமான்னு யோசிச்ச ஒண்ணையும் எழுதிடுறேன். எங்க தெருவுல ஒரு பொண்ணுக்கு ஒன்பதாம் மாசம் பிள்ளை செத்துப் பொறந்துச்சு. பால் நிக்கறதுக்காக மல்லிப்பூவ சரமா கட்டி மார்புல வச்சிக் கட்டினாங்க, இந்தப் பக்கம் வழக்கந்தான். பூ வாடிப் போயி மாத்தி மாத்திக் கட்டியும் ரவிக்கை நனைஞ்சிகிட்டே இருந்துச்சு. இப்படிப்பட்ட அம்மாங்களும் விரும்பினா தானம் பண்ணலாம், அது சிலருக்கு ஆறுதலாக் கூட இருக்கும். ஆனா போய்க் கேக்கறது ரொம்பத் தப்பு. அவங்களுக்கு விவரம் தெரிஞ்சிருந்தா போதும், கொடுக்கிறதும் கொடுக்காததும் அவங்க இஷ்டம், புருஷனோ மாமியாரோ நர்ஸோ யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது.

உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். ஆஸ்பத்திரி செய்தி போடுற பக்கத்துல வாரம் ஒரு தடவ ஒரு சின்னக் கட்டம் ஒதுக்குங்க, அதுல தாய்ப்பால் வங்கி எங்க இருக்கு, எத்தன மணிக்கு வரணும், எந்த நம்பர்ல கேக்கணும்னு ஆஸ்பத்திரிலயே கேட்டு வாங்கிப் போடுங்க. ஆகஸ்ட் மாசத்துக்குக் காத்திருக்க வேணாம், குறைமாசப் பிள்ளைங்க எல்லா மாசமும்தான் பொறக்குது. சுகாதாரத் துறை அதிகாரிங்க யாராவது பாகூர்ல ஃப்ரீசர் வைக்கிறதப் பத்தி பதில் எழுதினா அதையும் போடுங்க, இடம் பாத்துக் கொடுக்கவும், வர்ற பொண்ணுங்களுக்குக் கூடமாட இருந்து பாத்துக்கவும் எங்க தெரு மகளிர் குழு தயாரா இருக்கு, நான் பேசிட்டுத்தான் எழுதுறேன்.

இப்படிக்கு,
ஒரு ஆயா,
பாகூர், புதுச்சேரி.