கயிறு பாப்பா கையிலேயே இருக்கட்டும்

அன்புள்ள அம்மிணிக்கு,

நீ அனுப்பிய படங்களை அம்மாவும் நானும் பார்த்தோம். மார்ச்சில் பிறந்த, ஹோல்ஸ்டீன் என்ற கறவை இனக் கிடாரிக் கன்று, முதுகு நேராக, கால் தெளிவாக இருக்கிறது. பண்ணைக்காரர் இந்தப் பருவம் முழுக்க அதைப் பாப்பாவை நம்பி விட்டிருக்கிறார் என்பதில் எங்களுக்கு ரொம்பப் பெருமை.

கன்று கயிற்றோடு பிய்த்துக்கொண்டு ஓடுகிறது, மாப்பிள்ளை பழக்கிவிட்டு அப்புறம் பாப்பாவிடம் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் அம்மிணி. ஆகஸ்டில் பாப்பா அதை நடத்திக் காட்டவேண்டிய கவுண்டி (மாவட்டக்) கண்காட்சி வருவதற்குள் அது நூறு கிலோவைத் தாண்டிவிடும். பத்து வயதுப் பிள்ளை பலத்தால் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. பெரியவர் கைக்கு அடங்கிய கன்று, சின்னக் கை பிடித்ததும் தெரிந்துகொண்டு இழுக்கும். பாப்பாவோடு அதற்கு உண்டாகும் நம்பிக்கைதான் அதை நிறுத்தும். நீ அனுப்பிய விதிப்புத்தகத்தையும் முழுசாகப் படித்தேன். கன்றின் உடலைப் பார்க்கும் போட்டி தனி, கன்றை நடத்தும் பிள்ளையின் திறமையைப் பார்க்கும் போட்டி தனி. 1902இல் அமெரிக்காவின் ஒஹாயோவில் தொடங்கிய ஃபோர்-எச் என்ற பிள்ளைகள் இயக்கம் பிள்ளை தானே செய்து கற்கவேண்டும் என்றுதான் சொல்கிறது.

முதலில் கட்டிப் பழக்கட்டும். தலைக்கயிறு போட்டு, தலை நிமிர்ந்து நிற்கிற உயரத்தில் கம்பத்தில் கட்டவேண்டும். ஒரு முனையை இழுத்தால் உடனே அவிழ்கிற முடிச்சாக இருக்கட்டும். முதலில் கால் மணி நேரம் போதும், பிறகு கூட்டிக்கொள்ளலாம். கட்டிவிட்டு யாரும் நகரக்கூடாது. பாப்பா தோள்பக்கமாகப் போய், பேசிக்கொண்டே தேய்த்துவிடட்டும். மாட்டுக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால், நேர் பின்னால் வருகிறவரைத் தெரியாது, மிரண்டு உதைத்துவிடும்.

பிறகு நடை. கன்றின் இடப்பக்கம் நின்று, தண்ணீர்த் தொட்டிக்கோ தீவனத்துக்கோ கூட்டிப் போகட்டும். போகிற இடத்தில் தனக்கு ஏதோ இருக்கிறது என்று தெரிந்தால் தானே கால் எடுத்து வைக்கும். அது ஓர் அடி வைத்த அந்த நொடியே கயிற்றைத் தளர்த்திவிட வேண்டும். இதுதான் உயிர்நாடி. நடந்தால் இறுக்கம் போகும் என்று கன்று அப்படித்தான் புரிந்துகொள்ளும். அடம்பிடித்து நின்றால் நேராக இழுக்காமல், தலையைப் பக்கவாட்டில் திருப்பினால் கால் பெயர்ந்துவிடும். என்ன ஆனாலும் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. இதை மட்டும் தினமும் சொல்.

நம் பக்கம் போல அங்கே மூக்கணாங்கயிறு கிடையாது. போட்டியன்று தாடைக்கடியில் சங்கிலி ஓடும் தோல் தலைக்கயிறு போடுவார்கள். அதையும் முன்கூட்டியே போட்டுப் பழக்குங்கள். கண்ணபுரம் தேர்த்திருவிழா மாட்டுச்சந்தையில் காங்கேயம் மாட்டுக்குச் சுழியும் திமிலும் கொம்பும் பார்ப்போமே, உங்கள் கண்காட்சியில் நடுவர் முதுகுத்தண்டு, விலா, கால், நடை இவற்றைப் பார்ப்பார். நிறுத்தும்போது முன்னங்கால் இரண்டும் சமமாகவும், நடுவர் பக்கத்துப் பின்னங்கால் சற்றுப் பின்தள்ளியும் இருக்கவேண்டும்.

குளிப்பாட்டும்போது காதில் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சோப்பு துளியும் தங்கக்கூடாது. முடி உதிர்ந்து வட்ட வட்டமாகத் தோலில் ஏதாவது தெரிந்தால் உடனே மருத்துவரிடம் காட்டு. படர்தாமரை உள்ள கன்றைக் கண்காட்சியில் சேர்க்கமாட்டார்கள், பிள்ளைக்கும் ஒட்டிக்கொள்ளும். புது இடத்துத் தண்ணீரைச் சில கன்றுகள் குடிக்காது. பழகிய வாளியையும் உலர்புல்லையும் கூடவே ஏற்றிவிடுங்கள்.

இன்னொன்று, இதைப் பாப்பாவிடம் இப்போதே பேசிவிடு. இறைச்சிக்கென்று வளர்க்கும் காளைகளைப் பல கண்காட்சிகளில் முடிவில் ஏலம் விடுவார்கள். அவற்றை வளர்த்த பிள்ளைகள் பக்கத்துக் கொட்டிலில் அழுவதை அவள் பார்க்க நேரலாம். அவள் கன்று கறவைக்கானது, பண்ணைக்கே திரும்பும், இரண்டு வயது வாக்கில் ஈன்று பால் கறக்கும். ஆனால் அதுவும் அவளை விட்டுத்தான் போகும். கடைசி நாளில் திடீரென்று தெரியவந்தால் பிள்ளை தாங்காது. உண்மையைச் சொல்லிவிட்டால், இருக்கிற நாளெல்லாம் மனசார வைத்திருப்பாள்.

கன்று நடக்கிற வீடியோவைப் பக்கவாட்டிலிருந்து எடுத்து அனுப்பு. கயிறு எங்கே இறுகுகிறது, எங்கே தளர்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன். ஞாயிறு காலை பாப்பாவையே என்னோடு பேசச் சொல்.

அன்புடன்,
அப்பா