ரகடாவை எழுதினீர்கள், சிரிப்பை விட்டுவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு மலரில் அக்னிவீரர் பயிற்சி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். விடியுமுன் ஓட்டம், முதுகில் பிட்டூ என்கிற கனத்த பை, முழங்கையெல்லாம் சிராய்ப்பு, எதற்கெடுத்தாலும் ரகடா என்கிற தண்டனைப் பயிற்சி என்று எழுதியிருந்தார்கள். பொய் எதுவும் இல்லை. ஆனால் அதைப் படித்ததிலிருந்து எங்கள் தெருவில் ஒரு அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. மகன் தேர்வாகி, சேரும் தேதிக்காகக் காத்திருக்கிறான். "அண்ணா, பையனைப் போட்டு வதைச்சிடுவாங்களா?" என்று என் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். கட்டுரையாளர் பாதியைத்தான் எழுதியிருக்கிறார் என்று அவரிடம் சொன்னேன். மீதிப் பாதி சிரிப்பு. அதை நீங்கள் அச்சில் போட்டால்தான் அவர் நம்புவார் போலிருக்கிறது.

நான் 1988-ல் மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தவன். பயிற்சி குன்னூருக்குப் பக்கத்தில் வெலிங்டனில். பெங்களூரு அல்சூரில் வளர்ந்ததால் தமிழ், கன்னடம், கொஞ்சம் கடைத்தெரு இந்தி என்று கைவசம் இருந்தது. பரேடில் கமாண்ட் எல்லாம் இந்தி. 'தாஹினே முட்' (வலப்புறம் திரும்பு) என்றால் வலமா இடமா என்று தெரியாத தேனி, ராமநாதபுரத்துப் பையன்கள் எனக்குப் பின்னால் நிற்கவே அடித்துக்கொள்வார்கள்.

2023 ஜனவரி 15 அன்று ராணுவ தின அணிவகுப்பு முதல் முறையாகத் தில்லியை விட்டு வெளியே, நம் ஊர் எம்.இ.ஜி. (மெட்ராஸ் பொறியாளர் படைப்பிரிவு) மைதானத்தில் நடந்ததே, நினைவிருக்கும். அன்று அத்தனை பேரும் ஒரே ஆளாக நடந்ததைப் பார்த்து வியந்தீர்கள். அவர்களிலும் சிலருக்கு ஆரம்பத்தில் வலது கையும் வலது காலும் சேர்ந்தே போயிருக்கும். எங்கள் பிளாட்டூனில் அப்படி ஒருவன் இருந்தான். தனியாக நடந்தால் ஒழுங்காக நடப்பான். 'தேஸ் சல்' (விரைந்து நட) என்று கேட்டதும் உடம்பு பூட்டிக்கொள்ளும். எங்களுக்குப் பயிற்சி கொடுத்த உஸ்தாத் கொல்லத்துக்காரர், ரெஜிமெண்ட் வரலாறு விரல் நுனியில். "1758-ல ஆரம்பிச்ச பட்டாளம் தம்பி. இருநூத்தி முப்பது வருஷத்துல இந்த நடையை யாரும் நடந்திருக்க மாட்டாங்க" என்றார். சிரித்தோம். சிரித்ததற்கு மைதானத்தை ஒரு சுற்று ஓடினோம். ஓடும்போதும் சிரிப்பு அடங்கவில்லை.

அதே பையன்தான் ஒரு பனிமூட்டக் காலையில் எதிரே கிரேட்கோட்டில் வந்த உருவத்தைக் கண்டு விறைத்து நின்று சல்யூட் அடித்தான். வந்தவர் அதிகாரி இல்லை, லங்கர் என்கிற எங்கள் சமையல்கூடத்தின் சமையற்காரர். அவரும் கெத்து குறையாமல் பதில் சல்யூட் வைத்துவிட்டு நடந்தார். அன்று மதியம் அவன் தட்டில் மட்டும் சாம்பார் ஒரு கரண்டி கூடுதலாக விழுந்தது. அடுத்த நாளிலிருந்து பாதி பிளாட்டூன் அவருக்குச் சல்யூட் அடித்தது. சாம்பார் கூடவில்லை என்பது வேறு விஷயம்.

ஆனால் எங்களுக்கு என்றைக்கும் கோக்கா கதைதான் பெரிது. கோக்கா என்றால் சுட்டபின் துப்பாக்கியிலிருந்து தெறித்து விழும் பித்தளைக் கூடு. எத்தனை தோட்டா கொடுத்தார்களோ அத்தனை கோக்கா திரும்பி வந்தாக வேண்டும். ஒன்று குறைந்தாலும் ரேஞ்சை, அதாவது சுடும் மைதானத்தை, விட்டு யாரும் நகர முடியாது. அப்போது எங்கள் கையில் இருந்தது எஸ்.எல்.ஆர். துப்பாக்கி. அதில் கோக்கா வலப்பக்கமாகப் பறக்கும். வரிசையாகப் படுத்துச் சுட்டுக்கொண்டிருந்தோம். ஒருவன் சுட்ட சூடான கோக்கா, வலப்பக்கம் படுத்திருந்தவனின் காலருக்குள் நேராகப் போய் இறங்கியது. அவன் "அய்யோ ஆத்தா" என்று துள்ள, உஸ்தாத் பாய்ந்து வந்து முதலில் அவனுடைய துப்பாக்கிக் குழலைத் தரையோடு அழுத்திப் பிடித்தார். அதற்குப் பிறகுதான் அவனை ஆடவே விட்டார். நெளிந்து குதித்து அவன் ஆடிய ஆட்டத்தைச் சாமியாடிகள்கூட ஆட மாட்டார்கள்.

சுட்டு முடித்ததும் ஒவ்வொருவரும் உரக்கச் சொல்ல வேண்டும்: "மேரே பாஸ் கோயி ஜிந்தா ரவுண்ட் யா காலி கோக்கா நஹீ ஹை ஸாப்." என்னிடம் உயிருள்ள தோட்டாவோ காலிக் கூடோ இல்லை ஐயா என்ற உறுதிமொழி. அவனும் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு கணீரென்று சொன்னான். எண்ணினால் ஒன்று குறைகிறது. மண்டியிட்டுப் புல்லைக் கோதிக் கோதித் தேடினோம். பனி இறங்கிவிட்டது, பசி வேறு. எல்லாரையும்விட அக்கறையாகத் தேடியது அவன்தான். பொறுத்துப் பார்த்த உஸ்தாத், பிளாட்டூன் மொத்தத்துக்கும் ஃபிரண்ட் ரோல் கொடுத்தார். இரண்டாவது குலாட்டியில் அவன் பெல்ட் தளர்ந்து சட்டை வெளியே வந்தது. கூடவே டிங் என்று கோக்காவும் கல்லில் விழுந்தது. உஸ்தாத் அதை எடுத்து ஊதித் துடைத்தார். "ரகடா எதுக்கு, எதுக்குன்னு கேட்டீங்களே!" என்றார். அவ்வளவுதான், படுத்த இடத்திலேயே உருண்டு சிரித்தோம். அவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார், தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது.

முழங்கை எரிச்சல் எல்லாருக்கும் உண்டு. ஆனால் அதை ராத்திரி பாரக்கில், நாங்கள் தங்கும் கூடத்தில், ஒருவனுக்கொருவன் நடித்துக் காட்டிச் சிரிக்காமல் யாரும் பயிற்சியை முடித்ததில்லை. கோக்கா விழுந்தவனே மறுநாள் அந்த ஆட்டத்தை ஆடிக் காட்டினான். இதைத்தான் கட்டுரையில் காணோம்.

அந்த அம்மாவிடம் ஒன்று சொல்லியிருக்கிறேன். முறுக்கு அனுப்பினால் மகனுக்கென்று கணக்குப் போடாதீர்கள், பாரக்குக்கென்று போடுங்கள். டின்னைத் திறந்ததுதான் தெரியும், மகன் கைக்குத் தூள்தான் மிஞ்சும்.

அடுத்த ராணுவ தினத்துக்குள் உங்கள் நிருபர் ஒருவரைக் காலை ஆறு மணிக்கு அல்சூர் ஏரிக்கரைக்கு அனுப்புங்கள். மர்பி டவுன், ஆஸ்டின் டவுன், விவேக் நகரிலிருந்தெல்லாம் பழைய ஆட்கள் நடக்க வருகிறோம். ஆளுக்கு நாலு கதையாவது இருக்கும். இரண்டு பேருக்குக் காது மந்தம், கொஞ்சம் சத்தமாகக் கேட்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர்,
அல்சூர், பெங்களூரு.