அடித்தல் திருத்தலோடு வந்த தாள்களுக்கு நன்றி

அன்புள்ள ஆசிரியர்களுக்கும் நண்பர்களுக்கும்,

இடம் கிடைத்துவிட்டது. வானியற்பியல் முதுகலையில் சேரப்போகிறேன். கடிதத்தைப் படித்த படபடப்பு இன்னும் அடங்கவில்லை. அடங்கட்டும் என்று காத்திருந்தால் இந்த மடல் வெறும் சம்பிரதாயமாகிவிடும் என்பதால் இப்போதே எழுதுகிறேன். நடந்தது என்னவென்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை மறுபடி கிளற எனக்கு விருப்பமும் இல்லை, தெம்பும் இல்லை.

அந்த மாதங்களில் எனக்கு ஆறுதல் சொல்ல நினைத்தவர்களில் பெரும்பாலோர் படங்களைத்தான் அனுப்பினார்கள். ஆண்ட்ரோமெடா, ஓரியன் நெபுலா, சனியின் வளையங்கள், பிரபஞ்சத்தின் முன் மனிதக் கவலைகள் எத்தனை அற்பமானவை என்ற வாசகங்கள். அன்போடு அனுப்பினீர்கள், அதற்கு நன்றி. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: என் கவலை அற்பமானது என்று 25 லட்சம் ஒளியாண்டு தள்ளியிருக்கும் விண்மீன் மண்டலத்தைக் காட்டிச் சொன்னால் கவலை குறைவதில்லை, எரிச்சல்தான் வருகிறது. வானத்தின் அழகு என்னை இந்தத் துறைக்குள் இழுத்தது, சரி. உள்ளே வந்த பிறகு தினமும் மல்லுக்கட்ட வேண்டியிருப்பது வெப்ப இயக்கவியலோடும் வகைக்கெழுச் சமன்பாடுகளோடும். அங்கேதான் நான் நின்றுபோயிருந்தேன்.

அப்போது தபாலில் ஓர் உறை வந்தது.

அனுப்பியவர் ஓர் ஆய்வு மாணவி. வானியல் கூட்டங்களில் இரண்டொரு முறை பேசியதைத் தவிர எங்களுக்குள் பழக்கம் இல்லை. பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், ஆகவே அக்கா என்றே எழுதுகிறேன். எப்போதோ அவரிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தேன்: ஆற்றலை இழக்கும் பொருள் குளிரத்தானே வேண்டும், விண்மீன் மட்டும் எப்படிச் சூடேறுகிறது? கேட்டதை நானே மறந்துவிட்டேன். உறைக்குள் ஏழெட்டுத் தாள்களும் ஒரு துண்டுச் சீட்டும் இருந்தன. சீட்டில், “நீ கேட்டதற்குப் பதில். தாமதத்துக்கு மன்னித்துக்கொள்” என்று மட்டும் எழுதியிருந்தார். எனக்கு நேர்ந்தது அவருக்கும் தெரியும். அதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

சுத்தமாகப் படியெடுத்த விடை அல்ல அது. அவர் போட்டுப் பார்த்த கணக்குத் தாள்களே. ஒன்று ஏதோ அச்சுத்தாளின் பின்புறம். பென்சிலில் எழுதி அழித்து, அழித்த இடத்தின் மேலேயே மறுபடி எழுதியதில் தாள் ஓரிடத்தில் கிழிந்தே போயிருந்தது.

முதல் தாளில் வைரியல் தேற்றம். தன் ஈர்ப்பினாலேயே கட்டுண்டு நிலையாக இருக்கும் வாயுக் கோளத்தில், துகள்களின் இயக்க ஆற்றலை இரு மடங்காக்கி அதோடு ஈர்ப்பு ஆற்றலைக் கூட்டினால் பூஜ்யம் வரும். ஈர்ப்பு ஆற்றல் மைனஸ் என்பதால்தான் அது சாத்தியம். அப்படியானால் மொத்த ஆற்றல் என்பது இயக்க ஆற்றலுக்கு முன்னால் ஒரு மைனஸ் போட்டதுதான். ஒளியாக வெளியேறி மொத்த ஆற்றல் குறைந்தால் இயக்க ஆற்றல் கூட வேண்டும், அதாவது வெப்பநிலை ஏற வேண்டும். இந்த வரிக்குப் பக்கத்தில் அக்கா பென்சிலில் எழுதியிருந்தார்: “தவறு. குறி பிசகியிருக்கிறது.” அடியில் இரண்டு கோடுகள்.

இரண்டாம் தாளில் வேறு வழியில் தொடங்குகிறார். அதே மைனஸ் வந்து நிற்கிறது. மூன்றாம் தாளில் வாயுக் கோளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கிப் பார்க்கிறார். சுருங்கும்போது விடுபடும் ஈர்ப்பு ஆற்றலில் பாதி ஒளியாக வெளியே போகிறது, மீதிப் பாதி உள்ளேயே தங்கி வாயுவைச் சூடாக்குகிறது. மைனஸ் எங்கிருந்து வந்தது என்பது அங்கே துலங்கிவிட்டது. அதன் பிறகு முதல் தாளுக்குத் திரும்பியிருக்கிறார் போலும். “தவறு” என்ற சொல் நீல மையில் அடிக்கப்பட்டு, பக்கத்தில் அதே மையில், “தவறில்லை. விண்மீன் இப்படித்தான்.” பென்சிலுக்கும் நீல மைக்கும் இடையில் எத்தனை நாள் ஆனதோ, நான் கேட்கவில்லை.

அடுத்த தாளில் சூரியன். நிறை 2×10³⁰ கிலோகிராம், ஆரம் சுமார் 7 லட்சம் கிலோமீட்டர், இவற்றோடு ஹைட்ரஜன் அணுக்கருவின் நிறை. இவற்றை அந்தத் தேற்றத்தில் போட்டால் சூரியனின் உட்பகுதிக்குச் சராசரியாக 23 லட்சம் கெல்வின் வருகிறது. அடர்த்தி எங்கும் ஒரே சீராக இருப்பதாக வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. ஓரத்தில், “சீரான அடர்த்தி என்பது சுத்தப் பொய். இருந்தாலும் மோசமில்லை” என்று குறித்திருந்தார். மோசமில்லைதான். மேற்பரப்பு சுமார் 5,800 கெல்வின், மையம் ஏறக்குறைய 1.5 கோடி கெல்வின். யாரும் போய்ப் பார்க்க முடியாத இடத்தின் சூட்டை ஒரு தாளின் பின்புறத்தில் இவ்வளவு நெருங்க முடிகிறது.

அன்று இரவு அந்த முதல் தாளை நானே போட்டுப் பார்த்தேன். பல வாரங்களுக்குப் பிறகு கையில் பேனா பிடித்தது அன்றுதான்.

சிசிலியா பெயினைப் பற்றிப் பாடநூலில் நாம் எல்லோரும் ஒரு வரி படித்திருக்கிறோம். வெப்பநிலைக்கேற்ப அணுக்கள் எவ்வளவு எலக்ட்ரான்களை இழக்கும் என்று சொல்லும், மேகநாத் சாகா 1920இல் தந்த சமன்பாட்டைக் கொண்டு விண்மீன்களின் நிறமாலைகளை ஆராய்ந்து, அவற்றில் ஹைட்ரஜனும் ஹீலியமுமே மிகப் பெரும்பான்மை என்று 1925இல் தம் முனைவர் பட்ட ஆய்வில் கண்டவர். மூத்த வானியலாளர் ஹென்றி நாரிஸ் ரஸல் அதை ஏற்கவில்லை. எனவே அந்த முடிவு அநேகமாக உண்மையாக இருக்க முடியாது என்ற குறிப்போடுதான் ஆய்வேடு வெளிவந்தது. 1929இல் ரஸலே வேறு வழியாக அதே முடிவுக்கு வந்து சேர்ந்தார். இந்தக் கதையை முன்பு படித்தபோது பெயினுக்காகக் கோபம் வந்தது. இப்போதும் வருகிறது. ஆனால் சரியான விடையின் பக்கத்தில் “தவறு” என்று எழுதிவைக்கும் கை எப்படி இருக்கும் என்பதை அந்தப் பென்சில் எழுத்தைப் பார்த்த பிறகுதான் என்னால் கற்பனை செய்ய முடிகிறது. பெயினுக்கு அதைத் தம் கையாலேயே அடிக்கும் வாய்ப்பு அந்த ஆய்வேட்டில் கிடைக்கவில்லை.

மற்றவர்களை இப்படி ஒரே மூச்சில் சொல்வது நியாயமில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அவகாசமே தராமல் கேட்டும் பரிந்துரைக் கடிதம் எழுதிக்கொடுத்த பேராசிரியருக்கு, தவணை தாண்டிய நூல்களைக் கேள்வி கேட்காமல் புதுப்பித்துத் தந்த நூலகருக்கு, என் பைத்தான் நிரலில் எந்த வரி உதைக்கிறது என்று நள்ளிரவில் தேடிக்கொடுத்த இருவருக்கு, தினமும் போன் செய்து படிப்பைத் தவிர எல்லாவற்றையும் பேசியவருக்கு, என் நன்றி. பைனாகுலர் இரவல் கொடுத்த அண்ணனுக்குத் தனியாக ஒன்று: அல்கோல் என்ற விண்மீன் 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை மங்குவதைப் பார்க்க வெறும் கண்ணே போதும் என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். என்னை வெளியே கிளப்பத்தான் கொடுத்தீர்கள் என்று எனக்கும் தெரியும். பைனாகுலரை அடுத்த வாரம் கொண்டுவந்து தருகிறேன்.

இனி என்னிடம் யாராவது இயற்பியலில் ஒரு கேள்வி கேட்டால், விடையோடு என் அடித்தல் திருத்தல்களையும் சேர்த்தே அனுப்புவேன். கையெழுத்து புரியவில்லை என்று நீங்கள் திட்டினாலும் சரி.

அக்கா, கடைசித் தாளின் அடியில் ஒரு கேள்வியை விட்டுவைத்திருந்தீர்கள்: “வெண்குறுமீன் மட்டும் ஏன் ஒழுங்காகக் குளிர்கிறது? நீயே போட்டுப் பார்.” பார்த்துவிட்டேன். எரிபொருள் தீர்ந்து சுருங்கிக் கிடக்கும் அந்த விண்மீனில் ஈர்ப்பைத் தாங்கி நிற்பது நெருக்கிப் பிடிக்கப்பட்ட எலக்ட்ரான்களின் குவாண்டம் அழுத்தம், அது வெப்பநிலையைப் பெரிதாகச் சார்ந்ததல்ல. ஆகவே வெப்பம் போனாலும் அழுத்தம் விழுவதில்லை, சொல்லும்படியாகச் சுருங்குவதும் இல்லை, அணுக்கருக்களிடம் எஞ்சியிருக்கும் சூடு மெல்ல வடிந்துகொண்டே போகிறது. கணக்கை இன்று தபாலில் சேர்த்திருக்கிறேன், படியெடுக்கவில்லை. மூன்றாம் தாளில் ஒரு மைனஸ் எனக்கு இன்னும் உறுத்துகிறது. அதை மட்டும் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.