ஒரு சோடி சொக்ஸ் போதும்

கொக்குவில்
ஐப்பசி, மழை நாள்

அன்பின் மச்சான்,

நான் சுகம். நீயும் தங்கச்சியும் பேரப்பிள்ளைகளும் சுகமாயிருக்க நல்லூரான் துணை. உன் குரற்பதிவு கிடைத்தது. பதினொரு நிமிடம்! பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டிக்கு மூன்று நிமிடம் பேசச் சொன்னால் மேடைக்குப் பின்னால் ஒளித்தவன் நீ. எனக்கு அந்தக் கருவியைப் பார்த்துத் தனியாகக் கதைக்க வெட்கம், அதுதான் எழுதுகிறேன். மூன்று நாளாக மழை விடவில்லை. கிணற்றில் வாளி போட்டால் கயிறு பாதியும் தேவையில்லை. கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கிறது. எழுத நல்ல நேரம்.

உன் மகனும் மருமகளும் லண்டனிலிருந்து பிள்ளைகளோடு சுவிசுக்கு ஸ்கீ விடுமுறை, அதுதான் ஸ்னோவில் பலகையில் சறுக்கி விளையாட, போக நினைக்கிறார்கள், உங்கள் இரண்டு பேரையும் கூப்பிடுகிறார்கள், பெரியவளுக்கு நாலு வயது, சின்னவனுக்கு ஒன்றேகால், இதெல்லாம் சரிவருமா என்று கேட்டிருந்தாய். அந்த மலையில் இருபது வருஷத்துக்கு மேல் சமையலறையில் நின்றவன் என்பதால் என்னைக் கேட்கிறாய். சரியான ஆளைத்தான் கேட்டாய். ஆனால் ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன்: நான் ஸ்கீயில் ஏறியது வாழ்க்கையில் ஒரேயொரு நாள். கோப்பை கழுவும் போர்த்துக்கீசப் பெடியன் ஒருவன் இழுத்துக்கொண்டு போனான். பத்து யார் தூரம் போயிருப்பேன், அவ்வளவுதான். விழுந்தது பெரிய விஷயமில்லை, இரண்டு நீளப் பலகையும் காலுமாக எழும்ப முடியவில்லை. கவிழ்த்துப் போட்ட ஆமை மாதிரிக் கிடந்தேன். பக்கத்தில் மூன்று வயதுப் பிள்ளையொன்று விழுந்து, எழும்பி, மூக்கைத் துடைத்துக்கொண்டு போனது. அவர்களுக்கு நிலம் கிட்ட, மச்சான். அதனால் பேத்தி விழுவாளே என்று நீ யோசிக்காதே.

உன் பதிவில் எட்டாவது நிமிடத்தில் ஒரு வசனம் வந்தது. “அப்பப்பாவும் அப்பம்மாவும் வந்தால் உதவியாயிருக்கும்” என்று மருமகள் சொன்னாளாம். நீ அதைச் சிரித்துக்கொண்டு சொன்னாலும் எனக்கு விளங்கியது. அதைத்தான் முதலில் கதைக்கவேண்டும்.

காலைச் சாப்பாட்டு நேரம் நான் முட்டை பொரிக்கிற இடத்திலிருந்து பார்த்தால் சாப்பாட்டு மண்டபம் முழுக்கத் தெரியும். வருஷா வருஷம் ஒரே காட்சி. தாயும் தகப்பனும் ஸ்கீ உடுப்போடு அவசர அவசரமாகத் தின்பார்கள். மூலையில் ஒரு கிழவி, மடியில் குழந்தை. பத்து மணிக்கும் அதே மூலை, இரண்டு மணிக்கும் அதே மூலை. நாலாம் நாள் கிழவியின் முகம் சுருங்கிவிடும், ஐந்தாம் நாள் மேசையில் ஒருவரோடொருவர் கதையில்லை. சின்னக் குழந்தையோடு போகிறவர்கள் சண்டை பிடிப்பது குளிராலோ காசாலோ இல்லை, ‘இப்ப பிள்ளையை யார் பார்க்கிறது’ என்ற ஒன்றால்தான். ஸ்கீப் பள்ளிகள் மூன்று, நாலு வயதிலிருந்துதான் பிள்ளைகளைச் சேர்ப்பார்கள். ஆகவே உன் சின்னவன் முழுநாளும் யாரோ ஒருவரின் கையில்தான் இருக்கப்போகிறான்.

நீ மகனோடு இப்பவே கதை. பெரியவள் காலையில் இரண்டு மணித்தியாலம் வகுப்பில் நிற்கட்டும். அந்த நேரம் தாயோ தகப்பனோ ஒருவர் ஸ்கீ போகட்டும், மற்றவர் சின்னவனோடு. அடுத்த நாள் மாறட்டும். அவன் மத்தியானம் நித்திரை கொள்ளும் நேரத்தை மட்டும் நீயும் தங்கச்சியும் பொறுப்பெடுங்கள். அப்போது அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து போய்வரலாம், அதுகளும் இளந்தாரிகள்தானே. பின்னேரம் எல்லாரும் ஒன்றாக. இதைத் தாளில் எழுதி ஒட்டச் சொன்னாலும் பிழையில்லை. விருந்தாளியாகப் போகிறாயா ஆயாவாகப் போகிறாயா என்பது பிளேன் ஏற முதல் தெரியவேண்டும். தங்கச்சி வாய் திறக்கமாட்டா, எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு உன்னிடம்தான் பிறகு முறைப்பா. அதனால் நீ கதை.

இடம் என்று கேட்டால் நான் வெங்கனைத்தான் சொல்லுவேன். என் சோறு அங்கே வெந்தது என்பதற்காக இல்லை. அந்த ஊருக்குக் கார் ஏறாது. சூரிச் விமான நிலையத்துக்கு அடியிலேயே ரயில் நிலையம். இன்டர்லாக்கன் போய், லவுட்டர்புருன்னனில் மாறி, பல்லுச் சக்கரம் பிடித்து ஏறுகிற சின்ன ரயிலில் மேலே போகவேண்டும். ஆறு வயதுக்குக் கீழே பிள்ளைகளுக்கு ரிக்கெற் இல்லை. ஊருக்கு நடுவிலேயே தொடக்கக்காரர் பழகுகிற வெளி இருக்கிறது. பிள்ளை அழுதால் அறைக்கு நடந்தே வந்துவிடலாம். நாலு வயதுப் பிள்ளையோடு போகிறவனுக்கு எத்தனை கிலோமீற்றர் சறுக்குபாதை இருக்கிறது என்ற கணக்கு வேண்டாம், கட்டிலுக்கும் வகுப்புக்கும் எத்தனை அடி என்ற கணக்குத்தான் வேண்டும்.

உயரம் குழந்தைக்கு ஆகுமோ என்று கேட்டாய். வெங்கன் 1274 மீற்றர். எங்களைப் பள்ளிக்கூடத்தால் கூட்டிக்கொண்டு போன நுவரெலியா 1868. கீரிமலையைத் தவிர பெயருக்கும் ஒரு மலை இல்லாத ஊரில் பிறந்ததால் எங்களுக்கு மலையென்றாலே பயம். ஆனால் ரயில் மேலே போய் நிற்கிற யுங்ஃபிராவ்யோக்குக்கு அவனைக் கொண்டுபோகாதே. அது 3454 மீற்றர், பெரிய ஆட்களுக்கே தலை சுற்றும், கைக்குழந்தைக்கு எங்கே நோகிறது என்று சொல்லத் தெரியாது. அந்தக் காசுக்கு ஒரு நல்ல வெயில் நாளாகப் பார்த்து கிளைன சைடெக் வரைக்கும் ரயிலில் போ. 2061 மீற்றர்தான். ஐகர் மலை முகத்துக்கு முகம் நிற்கும். ஒரு சூப் குடித்துவிட்டு இறங்கி வா.

எப்போது போவது? தைப்பொங்கலை ஒட்டிய வார இறுதிகளில் அங்கே லவுபர்ஹோர்ன் ஸ்கீப் பந்தயம். 1930 முதல் நடக்கிறது. நல்லூர்த் தேர்ச் சனம்தான், அறை கிடைக்காது. பெப்ரவரி நடுவில் லண்டன் பள்ளிகளுக்கு அரைத்தவணை விடுமுறை, சுவிஸ் பள்ளிகளும் அந்த மாதத்தில்தான் மாநிலம் மாநிலமாக மூடும், விலை ஏறும். உன் பேத்திக்கு ஐந்து வயது ஆகவில்லை, சட்டப்படி பள்ளிக்குப் போயே ஆகவேண்டிய வயது இன்னும் வரவில்லை. ஆதலால் பந்தயம் முடிந்து ஜனவரி கடைசிக் கிழமை. தைப்பூசம் எப்போது வருகிறது என்று மட்டும் தங்கச்சியைக் கேட்டுக்கொள், இல்லையென்றால் பிளேன் ரிக்கெற்றை மாற்றவேண்டி வரும்.

ஹோட்டலில் தங்காதே. ஹோட்டலில் வேலை செய்தவன் சொல்கிறேன். சமையலறையோடு ஒரு வீடு எடுங்கள். இரவு ஆறு மணிக்குப் பிள்ளைக்குப் பசிக்கும், மண்டபம் திறப்பது ஏழுக்கு. அரிசி, பருப்பு, கொஞ்சம் இடியப்ப மா லண்டனிலேயே கட்டிக்கொண்டு போ. பிரஷர் குக்கரையும் பெட்டியில் வை, சிரிக்காதே. அந்த உயரத்தில் தண்ணீர் 96 பாகையிலேயே கொதித்துவிடும், பருப்பு வெந்து முடிய உனக்குப் பொறுமை போய்விடும். சனிக்கிழமை போய் இறங்கினால் உடனே கடைக்குப் போ, ஞாயிறு அந்த நாட்டில் பெரும்பாலும் பூட்டு. ஃபொண்டூ என்று பாலாடைக்கட்டியை உருக்கி வைப்பார்கள், பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடாதே. வெள்ளை வைனும் கிர்ஷ் சாராயமும் ஊற்றித்தான் செய்வது. நானே ஊற்றியிருக்கிறேன்.

இனிக் குளிர். அப்பம்மாமாரின் அன்புதான் அங்கே பெரிய ஆபத்து. தங்கச்சி பேத்திக்கு இரண்டு சோடி சொக்ஸ் போடுவா, எனக்கு நிச்சயம். போடவே கூடாது. ஸ்கீச் சப்பாத்து மரக்கட்டை மாதிரி, உள்ளே இறுகினால் இரத்தம் ஓடாமல் கால் இன்னும் விறைக்கும். மெல்லிய கம்பளிச் சொக்ஸ் ஒரு சோடி, முழங்கால் வரை, மடிப்பில்லாமல். பருத்தி உடுப்பை உள்ளே போடவேண்டாம், வியர்வையில் நனைந்தால் காயாது. விரல் பிரிந்த கையுறை வேண்டாம், நாலு விரலும் சேர்ந்திருக்கிற கையுறைதான் சூடு. கழுத்துக்குச் சால்வை சுற்றாதே, மேலே ஏற்றுகிற இழுவையில் சிக்கும், குழாய் மாதிரித் தலையால் போடுவது ஒன்று இருக்கிறது. எல்லாம் போட்டு முடிக்க அரை மணித்தியாலம் ஆகும். கடைசியாக ஹெல்மெட் பூட்டியதும் அவள் சொல்லுவாள், “ஒண்டுக்கு வருது.” அதனால் மேலும் கீழும் ஒன்றாகத் தைத்த உடுப்பை வாங்காதே.

சின்னவனைத் தகப்பன் முதுகில் கட்டிக்கொண்டு நடக்க ஆசைப்படுவான். நடக்கிறவனுக்கு வேர்க்கும், முதுகில் தொங்குகிற குழந்தை அசையாமல் இருந்து விறைத்துப்போகும், அவனுக்குத் தெரியவும் வராது. அரை மணிக்கொருக்கால் கழுத்துக்குப் பின்னால் கை வைத்துப் பார்க்கவேண்டும். தள்ளுவண்டிச் சில்லு ஸ்னோவில் உருளாது, முதுகுச் சாய்வு வைத்த மரச் சறுக்குவண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்து அதில் இருத்திக் கயிற்றால் இழு. அது உன் வேலை. வெயிலையும் மறந்துவிடாதே. புது ஸ்னோ புற ஊதாக் கதிரில் 80 வீதம் வரைக்கும் திருப்பி எறியும், ஆயிரம் மீற்றர் ஏற அது பத்து வீதம் கூடும். நாங்கள் கறுப்பர், எங்களுக்கு என்ன என்று நானும் நினைத்துத்தான் ஒருநாள் முழுக்கக் கண் எரிந்து கிடந்தேன். பிள்ளைகளுக்குக் கறுப்புக் கண்ணாடி, முகத்துக்குக் கிறீம்.

வகுப்பைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. ஸ்னோலி என்று ஒரு முயல்பிள்ளை பொம்மை, அதுதான் சுவிஸ் ஸ்கீப் பள்ளிகளின் செல்லம். பிள்ளைகளை மேலே ஏற்ற ஒரு பட்டி ஓடும், விமான நிலையத்தில் பெட்டி வருமே, அது மாதிரி. மாயக் கம்பளம் என்று பெயர். கையில் தடி கொடுக்கமாட்டார்கள். நிற்பதற்கு ஸ்கீயின் முனைகளைச் சேர்த்துப் பின்பக்கத்தை அகட்டவேண்டும், அதற்கு “பீட்சா” என்று கத்துவார்கள், பிள்ளைகள் உடனே செய்யும். முதல் நாள் அவள் அழுதால் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். கட்டின காசு போகட்டும். காசைப் பார்த்துப் பிள்ளையைத் திரும்பத் தள்ளுகிற தாய் தகப்பனையும் கண்டிருக்கிறேன், அந்தப் பிள்ளை அந்தக் கிழமை முழுக்க ஸ்னோவைக் கண்டாலே கத்தும்.

காப்புறுதியில் குளிர்கால விளையாட்டும் அடங்குகிறதா என்று மகனிடம் கேள். சாதாரணப் பயணக் காப்புறுதி பலதில் அது தனிக் கட்டணம்.

மச்சான், இவ்வளவும் எழுதிய பிறகு ஒன்று சொல்லவேண்டும். என் மகளுக்குப் பதினொரு வயதில் பள்ளிக்கூடத்தால் ஸ்கீ முகாமுக்குக் கடிதம் வந்தது. ஐந்து நாள், இரவும் அங்கேயே. நான் கையெழுத்து வைக்கமாட்டேன் என்றுவிட்டேன். காசு ஒரு காரணம், பெட்டைப் பிள்ளை வெளியில் தங்குவதாவது என்பது மற்றது. ஆசிரியை தூன் என்ற ஊரில் இருந்த எங்கள் வீட்டுக்கே வந்தா. செலவில் பெரும்பகுதியை ஊர்ச்சபை தரும் என்று சொன்னா. அரை மனதோடு விட்டேன். ஐந்தாம் நாள் இறங்கி வந்தாள், முகம் கன்றிக் கறுத்து, கண்ணாடி போட்ட இடம் மட்டும் வெளிறி. அன்றிரவு சாப்பிடும்போது கேட்டாள், “அப்பா, நீங்கள் இவ்வளவு காலமா மலையிலதானே வேலை, ஏன் எங்களை ஒருநாளும் கூட்டிக்கொண்டு போகேல்லை?”

என்ன சொல்ல? அவளுக்கு அது விளையாடுகிற இடம். எனக்கு ஸ்னோ என்றால் விடிய ஐந்து மணிக்குச் சமையலறைப் பின்கதவைத் திறக்க மண்வெட்டியோடு நிற்பது. லீவு நாளிலும் அங்கே போவதா என்றுதான் நினைத்தேன். பிள்ளைக்குக் காட்டவேண்டும் என்று தோன்றவேயில்லை. நீயும் நானும் வல்லிபுரக்கோயில் கடற்தீர்த்தத்துக்குப் போன வருஷம் மணற்காட்டு மணல்மேட்டுக்கு ஓடி, தென்னம்மட்டையில் குந்திச் சறுக்கினோமே, ஞாபகமா? பாதி மணலுக்குள் புதைந்த பழைய தேவாலயத்துக்குப் பக்கத்தில். உன் காற்சட்டை பின்பக்கம் கிழிந்து, நீ வீடு வரைக்கும் சுவரோரமாக நடந்தாய். எங்களை யாரும் கூட்டிக்கொண்டு போகவில்லைத்தான், ஆனால் மறிக்கவும் இல்லை.

போ மச்சான். சறுக்குவண்டியில் பேத்தியை முன்னால் வைத்து நீயும் ஒருதரம் இறங்கு, காலால் பிரேக் பிடித்து, மெல்ல. திரும்பி வரும்போது பேர்ண் நகரில் ஒயிரோப்பா சதுக்கத்தில் ஞானலிங்கேச்சுரர் கோயில் இருக்கிறது, ஏறிப்போய்க் கும்பிட்டுவிட்டு வா. தமிழிலேயே பூசை. தங்கச்சிக்கு அந்த ஒரு நாள் போதும், மற்ற ஆறு நாளையும் மன்னித்துவிடுவா.

பெரியவளின் பாதத்தைத் தாளில் வைத்துக் கோடு கீறிப் படமெடுத்து அனுப்பு. என் மனுசி அங்கே பக்கத்து வீட்டுக் கிழவியிடம் பின்னல் பழகினவ, சொக்ஸ் பின்னி அனுப்பப்போகிறாவாம். இங்கே 24 பாகைக்கே நான் குரங்குத் தொப்பி போடுவதைப் பார்த்துச் சிரிக்கிறவ, லண்டன் பிள்ளைக்கு எவ்வளவு தடிப்பாகப் பின்னுவா என்று உனக்கு விளங்கும். அதைப் படுக்கைக்கு மட்டும் போடு. ஸ்கீச் சப்பாத்துக்குள் போட்டேன் என்று மட்டும் அவவுக்கு ஒரு பொய் சொல்லிவிடு.

உன் கடைசி வாங்குக் கூட்டாளி