வலி வரும் முன்பே மலையிறக்குங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தாளவாடி மலைக் கிராமங்களிலிருந்து சத்தியமங்கலம் வர, திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். வளைவில் ஒரு லாரி பழுதாகி நின்றால் பின்னால் வரும் ஆம்புலன்ஸும் நிற்க வேண்டியதுதான். உள்ளே பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணுக்கு ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே இருக்கும்.

கடும் ரத்தசோகை, உயர் ரத்த அழுத்தம், இரட்டைக் கரு, முந்தைய சிசேரியன் எல்லாம் மாதாந்திரப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடுகின்றன. பிறகு ஏன் கடைசி நேர ஓட்டம்? குறைமாதக் குழந்தைக்குத் தாயின் வயிற்றைவிடப் பாதுகாப்பான வாகனம் கிடையாது. பிறந்தபின் இன்குபேட்டரோடு ஓடுவதைவிட, தாயின் நிலை சீராக இருக்கும்போதே பெருந்துறையிலோ கோவையிலோ உள்ள பெரிய மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதே நல்லது.

"ஆட்டையும் மூத்த பிள்ளையையும் யார் பார்ப்பது?" என்று கேட்டுத் தயங்கும் பெண்களை நான் அறிவேன். அந்தக் கேள்வி நியாயமானது. அதை அலட்சியம் என்று கடிந்துகொள்வது தவறு. பெரிய மருத்துவமனை அருகே, துணைக்கு ஒருவரும் சிறு பிள்ளையும் தங்க இடமும் சாப்பாடும் கொடுத்தால் அவர்கள் முன்கூட்டியே வருவார்கள். அனுப்பும் மருத்துவர், சேர்க்கும் மருத்துவரிடம் போனில் பேசிய பிறகே வண்டி புறப்பட வேண்டும். ஈரோடு மாவட்ட நிர்வாகம் இதைத் தாளவாடியிலும் பர்கூரிலும் உடனே தொடங்க வேண்டும்.

– ஒரு வாசகி, சத்தியமங்கலம்