ட்ரையர் கணினிக்குள் வெளியாள் நுழைந்தது பற்றிய முறைப்பாடு: நான்காவது கடிதம்

வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பதிகாரி அவர்களுக்கு,

ஐயா,

இது நான் எழுதும் நான்காவது கடிதம். முதல் மூன்றுக்கும் சேர்த்து உங்களிடமிருந்து வந்தது ஒரே ஒரு குறுஞ்செய்தி: "உங்கள் முறைப்பாடு தீர்க்கப்பட்டது." எது தீர்ந்தது, யார் தீர்த்தார்கள் என்று தயவுசெய்து சொல்லுங்கள்.

தலவாக்கலைக்குப் பக்கத்தில், சிறுதோட்டக்காரர்களிடம் கொழுந்து வாங்கித் தூளாக்கும் ஃபேக்டரி எங்களுடையது. தூளை உலர்த்தும் ட்ரையருக்கும், மாடியில் பச்சைக் கொழுந்தை வாட்டும் காற்றாடிகளுக்கும் கணினிக் கட்டுப்பாடு பூட்டித் தந்தது நீங்கள்தான். அது எந்த மொடல், திரையில் எது எங்கே இருக்கிறது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், நான் எழுதத் தேவையில்லை.

போன மாதம் 12ஆம் திகதி, இரவு இரண்டு மணி இருக்கும். தூள் தயாரிப்பைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் டீமேக்கர் திரைக்கு முன்னால்தான் இருந்தார். யாரும் தொடாமலே மவுஸ் அம்பு நகர்ந்தது. ட்ரையர் தட்டுகள் ஓடும் வேகம் பாதியாகக் குறைந்தது. உள்ளே போகும் காற்றின் சூடு 95 பாகையிலிருந்து ஏறி 125ஐத் தாண்டியது. அப்புறம் மாடியில் காற்றாடிகள் ஒவ்வொன்றாக நின்றன.

அவர் ஏன் உடனே நிறுத்தவில்லை என்று உங்கள் ஹொட்லைனில் கேட்டார்கள். சொல்கிறேன். உங்கள் பொறியியலாளர்கள் மூன்று வருடமாக இப்படித்தான் சொல்லாமல் கொள்ளாமல் கொழும்பிலிருந்தே உள்ளே வந்து போகிறார்கள். அம்பு தானாக நகர்ந்தால் "கம்பனி ஆள் பார்க்கிறார்" என்று கையை எடுத்துவிட நாங்கள் பழகிவிட்டோம். பழக்கியது நீங்கள். அதனால்தான் களவாக ஒருவன் நுழைந்தபோதும் உங்கள் ஆள் என்று நினைத்து மரியாதையாக ஒதுங்கி நின்றோம். கருகல் வாசனை வந்த பிறகுதான் டீமேக்கர் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தார்.

உங்கள் ஆட்கள் கொழும்பிலிருந்து உள்ளே வரப் பாவிக்கும் தொலை இணைப்பு மென்பொருள் இருக்கிறதே, காலையில் என் அக்கா மகன் அதன் பதிவைத் திறந்து பார்த்தான். 1.47க்கு ஒரு இணைப்பு வந்திருக்கிறது. பூட்டை உடைத்து வரவில்லை, சரியான கடவுச்சொல் கொடுத்தே வந்திருக்கிறார்கள். அது நீங்கள் பூட்டிய அன்று வைத்தது: உங்கள் கம்பனிப் பெயரும் பின்னால் 123ம். எங்களுக்குத் தெரிந்த இன்னொரு ஃபேக்டரியிலும் நீங்கள்தான் பூட்டியிருக்கிறீர்கள். கேட்டுப் பார்த்தேன், அங்கேயும் அதே கடவுச்சொல். எங்களுக்குப் பூட்டித் தந்த பொறியியலாளர் உங்களை விட்டு விலகி எட்டு மாதமாம், அதற்குப் பிறகும் யாரும் மாற்றவில்லை. அவர்மேல் நான் பழி போடவில்லை. யார் வந்தார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டியது நீங்கள்.

இதை ஹொட்லைனில் சொன்னபோது ஒரு தம்பி என்ன சொன்னார் தெரியுமா? "நீங்க எஸ்டேட் ஆட்கள்தானே, யாராவது மவுஸ்ல கைய வச்சிருப்பீங்க." அவர் பெயரைக் கேட்டேன், போனை வைத்துவிட்டார். எங்கள் டீமேக்கர் முப்பது வருடமாகத் தூளை மூக்கால் பார்த்தே தரம் சொல்பவர். அந்த ஒரு வார்த்தையை அவர் இன்னும் மறக்கவில்லை. நானும் மறக்கப் போவதில்லை. அழைப்பெல்லாம் பதிவு செய்யப்படும் என்கிறீர்களே, எடுத்துக் கேளுங்கள்.

திரும்பவும் போன் பண்ணினால், வைரஸ் ஸ்கேன் பண்ணச் சொன்னார்கள். பண்ணினோம், ஒன்றும் அகப்படவில்லை. எப்படி அகப்படும்? அது வைரஸே இல்லை, நீங்களே கொண்டுவந்து வைத்த முறையான மென்பொருள். வாசல்காரனே திறந்துவிட்ட கதவை நாய் பார்த்துக் குரைக்குமா?

அப்புறம் கண்டிக் கிளைக்குப் போகச் சொன்னார்கள். கண்டியில் இது தலைமை அலுவலக விஷயம் என்றார்கள். மழையில் கினிகத்தேனை, கித்துல்கல வளைவெல்லாம் கடந்து, கணினியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கொழும்புக்கு வந்தேன். இரண்டரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, பொறுப்பானவர் லீவு, ஈமெயில் போடுங்கள் என்றார் வரவேற்பில் இருந்த பிள்ளை. அந்த ஈமெயிலை நான் ஏற்கனவே மூன்று தடவை போட்டிருந்தேன்! திரும்பும் வழியில், அவிசாவளையில் பஸ் நின்றபோதுதான் அந்த "தீர்க்கப்பட்டது" குறுஞ்செய்தி வந்தது.

இப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது. 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் மூன்று மின் விநியோக நிறுவனங்களுக்குள் தொலைவிலிருந்து நுழைந்தார்கள். ஊழியர்கள் பார்த்துக்கொண்டிருக்கவே மவுஸ் தானாக நகர்ந்து, மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் சுவிட்சுகளைத் திறந்தது, ஏறத்தாழ 225,000 வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் போனது. 2018இல் குறைந்தது 400 தொழில் நிறுவனங்களுக்கு, பெரும்பாலும் ரஷ்யாவில், போலி மின்னஞ்சல் அனுப்பி டீம்வியூவர் போன்ற முறையான தொலை இணைப்பு மென்பொருளையே ஒளித்து நிறுவிப் பணம் பறிக்கப் பார்த்ததை, கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கஸ்பர்ஸ்கை எழுதியது. இதையெல்லாம் ஒரு பள்ளிக்கூடப் பையன் எனக்கு வாசித்துக் காட்டுகிறான். இதையே தொழிலாகச் செய்யும் நீங்கள் வாசிக்கவில்லையா?

நட்டக் கணக்கைச் சொல்கிறேன். அன்றிரவு வாட்டத்திலும் ட்ரையரிலுமாக 4,000 கிலோ கொழுந்து போனது. தூளாக்கினால் 900 கிலோவுக்குக் குறையாது. பத்து லட்சம் ரூபாய்க்கு மேல். போக வேண்டிய ஏலத்துக்கு அந்தத் தூள் போகவில்லை. கொழும்பு ஏலத்தில் எங்கள் மார்க்குக்கு, அதாவது எங்கள் தூள் விற்கும் பெயருக்கு, இருந்த மதிப்புக்கு என்ன விலை போடுவது? ஐம்பது லட்சம் என்றாலும் அது குறைவு. கொழுந்து கொடுத்தவர்களுக்கு நான் காசு கொடுத்துவிட்டேன். அவர்கள் வீட்டு அடுப்பு உங்கள் கடவுச்சொல்லை நம்பி எரிவதில்லை.

உங்களோடு சண்டை பிடிக்க எனக்கு ஆசை இல்லை. நீங்கள் பூட்டிய கருவி நல்ல கருவி, அதையும் சொல்ல வேண்டும். நட்டஈட்டைப் பேசி முடியுங்கள். எங்கள் இடத்தில் மட்டுமல்ல, நீங்கள் பூட்டிய எல்லா ஃபேக்டரியிலும் கடவுச்சொல்லை உடனே மாற்றி, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறாக வையுங்கள். நாங்கள் கேட்டுத் திறந்துவிட்டால் மட்டும் உள்ளே வாருங்கள், வேலை முடிந்ததும் மூடிவிட்டுப் போங்கள். அந்தத் தம்பி எங்கள் டீமேக்கரிடம் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும். பணத்தை விட எனக்கு அதுதான் முக்கியம்.

14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், அந்த 1.47 இணைப்புப் பதிவின் பிரதியோடு, கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் இலங்கை சேர்ட்டுக்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கும் போவேன். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் பொலிஸிலும் முறைப்பாடு கொடுப்பேன். சட்டத்தரணியிடம் பேசிவிட்டேன்.

கணினியிலிருந்து இன்டர்நெட் வயரைக் கழற்றி வைத்திருக்கிறோம். வேகத்தையும் சூட்டையும் டீமேக்கர் கையாலேயே பார்த்துக்கொள்கிறார். திரும்ப மாட்டச் சொல்லி யாரும் போன் பண்ண வேண்டாம்.

இப்படிக்கு,
முகாமையாளர்,
தேயிலைத் தொழிற்சாலை, தலவாக்கலை